ஒரே நம்பரில் இரண்டு பேர்

"அக்கா, இந்த போன் நம்பர்ல ரெண்டு பேர் இருக்கீங்க. டெஸ்ட் உங்களுக்கா, சாருக்கா?" என்றாள் ஆய்வகக் கவுன்ட்டர் பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தையல்காரி நீட்டிய சீட்டு அவளுடைய ரத்தப் பரிசோதனைக்கு. அடுத்த வாரம் இரண்டாவது முறையாக அவள் வயிற்றில் துளை போட்டுக் கருக்குழாயைப் பார்க்கப் போகிறார்கள்.

"எனக்குத்தான். அவர் இங்க வந்ததே இல்லையே."

"வந்திருக்காரே, மூணு வருஷம் முன்னாடி. மூணு மாசத்துல மறுபடி வரச் சொல்லியிருக்கு, வரல." பிரின்டர் அதற்குள் கணவனின் பழைய ரிப்போர்ட் தாளைத் துப்பியிருந்தது.

அவள் கணவன் ரொட்டிக் கடையில் அடுப்புக்காரன். அந்தச் சூட்டில் வருஷத்துக்கு இரண்டு போன் பாழாகும். அதனால் காஸ், கரன்ட் என்று யார் நம்பர் கேட்டாலும் அவள் நம்பரைத்தான் சொல்வான். ஒளிக்கப் போன இடத்திலும் பழக்கதோஷம் விடவில்லை.

தாளோடு மாடியேறி டாக்டரம்மா முன்னால் வைத்தாள். டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

"உயிரணு எண்ணிக்கை ரொம்பக் கம்மி. விதைப்பையில ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு ஸ்கேன்லயும் போட்டிருக்கு, அது அங்க சூட்டை ஏத்தும். இவரு வேற நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கிறாரு. சின்ன ஆபரேஷன்தான். நிறைய பேருக்கு அப்புறம் எண்ணிக்கை கூடும். எல்லாருக்கும்னு சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் நார்மல்னு என்கிட்ட சொன்னாரேம்மா."

"அவர் வாயால சொன்னா போதும், என்கிட்ட மட்டும் பேப்பர் கேட்டீங்க, இல்லையா டாக்டர்?"



பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. போன வருஷம் தையல் பிரிக்காத வயிற்றோடு மெஷின் மிதித்தது நினைவுக்கு வந்தது. மாதாமாதம் ஊசி குத்தித் தொடை கன்றிக் கிடந்தது. நாத்தனாருக்கு இரண்டாவது பிறந்த அன்று மாமியார் சொன்னதும் வந்தது: "பாறையில விதைச்சா என்ன முளைக்கும்?" அவன் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்து சாப்பிட்டான். தன் பொருட்டு வெட்கப்படுகிறான் என்று எண்ணி, அவள் அவன்மேல் பரிதாபப்பட்டுக்கூட இருந்தாள். அதை நினைத்தபோதுதான் உடம்பு பற்றியெரிந்தது.

வீட்டில் அவன் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான். புருவத்தில் மாவு. தாளைப் பார்த்ததும் குழாயை மூட மறந்து நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கடையில தெரிஞ்சா என்னை வாழ விடுவானுங்களா?"

"என்னை மட்டும் விட்டாங்களா? மயக்க ஊசி போட்டு என்னை உள்ள தள்ளிட்டுப் போனப்போ வெளிய பெஞ்சுலதானே உக்காந்திருந்தீங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் குழாயை மூடினான். குரலைத் தாழ்த்தினான். "தப்புதான். அன்னிக்கே சொன்ன ஆபரேஷனைப் பண்ணிக்கிறேன், அடுத்த வாரமே. அம்மாகிட்ட மட்டும்... உனக்குத்தான் ஆபரேஷன்னு சொல்லிப்போம். நான் துணைக்கு வர்ற மாதிரி. உனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு, எனக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வந்துட்டியா? என்னடி சொன்னாங்க? இந்தத் தடவையாவது பாறை இளகுமாமா?"

அவள் கூடத்துக்குப் போனாள். டிவி மேலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து மாமியாரிடம் கொடுத்தாள். பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றவன் பக்கம் தாளை நீட்டினாள்.

"அத்தை கேக்குறாங்க. நீங்களே படிங்க."

"அவன் என்னத்தடி படிக்கிறது?" என்றபடி மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அவன் தாளை வாங்கினான். ஈரக் கட்டைவிரல் பட்ட இடத்தில் அவன் பெயரின் மை மெல்லப் பரவத் தொடங்கியது.