வேலியோரக் கூட்டத்தின் மூன்று விதிகள்

வந்திருந்தவர்கள் ஏழு பேர். கவிழ்த்துப் போட்ட துணிக்கூடையின் மேல் மடிப்பக்கா, மடியில் நோட்டு. அவளுக்கு வலப்பக்கம், அங்கே இருந்த ஒரே நாற்காலியில், கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்தபடி சின்னவள். எதிரே குழாயடியில் குத்துக்காலிட்டு பாய்லர் அண்ணன். தள்ளுவண்டியின் மேலேயே வண்டிக்காரர். துவைக்கும் பிரிவிலிருந்து அண்ணியும் நாத்தனாரும் ஒரே மூட்டையில், முதுகோடு முதுகாக. இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஏழாவது ஆள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், தெருவில், செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வாயாடி என்று கூப்பிடுவார்கள். போன வாரம் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள் உள்ளே வரக் கூடாது. அதனால்தான் கூட்டமே வேலியோரத்துக்கு நகர்ந்திருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு மடிப்பக்கா நேரத்தையும் குறித்தாள். ஒன்பது ஐந்து. சாப்பாட்டு இடைவேளை முடிய இருபத்தைந்து நிமிஷம்.

விடியற்காலை நாலரைக்கே சலவைக்கூடத்தில் வேலை தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகள். ரத்தமும் மருந்துமாக நாறும். கொதிநீரில் துவைத்து எடுத்தால் ஒவ்வொன்றும் ஈரத்தில் ஆள் கனம் கனக்கும். அதை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை மடிப்பக்கா பிடித்து மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் உள்ளங்கை ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடி உண்டு. காப்புத் தடி. கை லேசாகத் தொட்டாலும் உருளை நின்றுவிடும். நாலு மாதமாக அந்தத் தடி நகர முடியாதபடி கம்பியால் கட்டிக் கிடந்தது. பதினாறு நாளுக்கு முன் சின்னவளின் நாலு விரல்களை உருளை இழுத்துக்கொண்டது. அன்று மாலைக்குள் தடியில் கம்பியைக் காணோம். "வேலை சீக்கிரம் முடியணும்னு அவங்களேதான் கட்டிக்கிட்டாங்க" என்றார் முதலாளி. அப்படியே ஒரு தாளும் அடித்துவைத்திருந்தார். எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டால், சின்னவளுக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை. கையெழுத்துப் போடத்தான் அவளையும் இன்று வரச் சொல்லியிருந்தார்.

போன வாரம் மடிப்பக்கா ஒரு கூட்டம் கூட்டினாள். "யார் வேணா வரலாம், எவ்வளவு நேரம் வேணா பேசலாம்" என்று பெருமையாகச் சொன்னாள். சூப்பர்வைசர் முதல் ஆளாக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாய்லர் அண்ணன் நாற்பது நிமிஷம் உலகத்து உழைப்பாளிகளைப் பற்றிப் பேசினார். சின்னவளைப் பற்றி வாய் திறந்தது வாயாடி ஒருத்திதான். "கட்டச் சொன்னது மொதலாளிதான், வேற யாரு?" என்றாள். மறுநாள் காலை அவளுக்குக் கேட் திறக்கவில்லை.

அந்த ஆத்திரம் மடிப்பக்காவுக்கு முதலாளி மேல் பாதி, தன் மேல் பாதி. இன்று ஏழு விதி எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"அட போம்மா!" வண்டிக்காரர் வண்டியிலிருந்து குதித்தார். "நாள் பூரா விதிதான். ஒண்ணுக்குப் போறதுக்கும் விதி. நாமளா கூடுற இடத்துலயும் விதியா?"

"விதி இல்லாத கூட்டத்துலதான் அண்ணே என் வேலை போச்சு" என்றாள் வேலிக்கு வெளியே வாயாடி.

வண்டிக்காரர் மெல்ல உட்கார்ந்தார். "சரி, படி. ஆனா பிடிக்காததை நாங்க அடிப்போம்."

அடித்தார்கள். "அழக் கூடாது" என்பதைச் சின்னவளே அடிக்கச் சொன்னாள். "வலிச்சா அழுவேன்க்கா. அதுக்கும் லீவ் லெட்டர் கொடுக்கணுமா?" மிஞ்சியது மூன்று. ஒன்று, இங்கே கையால் உழைக்கிறவர்கள் மட்டும் வரலாம். இரண்டு, தான் செய்ததையோ கண்ணால் பார்த்ததையோ மட்டும், இரண்டே நிமிஷத்தில். மூன்று, உண்மையைச் சொன்னவரை அதற்காக இங்கே யாரும் கடித்துக் குதறக் கூடாது.

மை காயவில்லை, முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா, என்னை விட்டுட்டுக் கூட்டமா? நானும் இந்தக் குடும்பத்துல ஒருத்தன்தானே?"

"இங்க கையால உழைக்கிறவங்க மட்டும்தான் ஐயா. முதல் விதி" என்றாள் மடிப்பக்கா. எழுந்திருக்கவில்லை.

"என் இடத்துல எனக்கே விதியா?"

"நாளைக்கு நாலரைக்கு வாங்க மொதலாளி" என்றார் வண்டிக்காரர். "ஒரு நாள் உருளையில நில்லுங்க. அடுத்த கூட்டத்துல என் வண்டியையே உங்களுக்கு விட்டுத் தர்றேன்."

"இல்லேன்னா இந்தப் பக்கம் வாங்க" என்றாள் வாயாடி. "இது உங்க இடம் இல்ல, தெரு. நிறைய இடம் இருக்கு."

முதலாளி சிரித்தார். "நிறைய இடம் இருக்குன்னு அவளே சொல்றா, கேட்டுக்கங்க. நாலு மணிக்குத் தாள் என் மேசைக்கு வரணும். வரலேன்னா எல்லாரும் அவ பக்கத்துல போய் உட்காரலாம்."

அவர் போய்விட்டார். பன்னிரண்டு நிமிஷம் மிச்சம். பாய்லர் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இந்த உலகத்துல உழைக்கிறவன் நெலமையை எடுத்துக்கிட்டா..."

"உலகம் எங்கயும் போயிடாதுண்ணே" என்றாள் அண்ணி. "உருளையைச் சொல்லுங்க. நீங்க பார்த்தது, நீங்க செஞ்சது."

அவர் குழாயைத் திறந்தார், மூடினார். தலை தொங்கிப்போயிற்று.

"கட்டினது நான்தான்."

மடிப்பக்கா எழுந்த வேகத்தில் கூடை உருண்டது. வாய்வரை வந்த வார்த்தை நல்ல வார்த்தை இல்லை. கையிலிருந்த நோட்டில் மூன்றாவது விதி, அவளே எழுதியது, அவளையே பார்த்தது. பேனாவை இறுக்கிய இறுக்கில் முனை தாளைக் கிழித்தது. கூடையை நிமிர்த்தாமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"போன வாரமே சொல்லியிருந்தா..." வாயாடி தொடங்கி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கினாள்.

"சூப்பர்வைசர் பக்கத்துல குந்தியிருக்கிறப்ப எப்படிம்மா சொல்வேன்?"

அது யாருக்கு உறைக்க வேண்டுமோ அவளுக்கு உறைத்தது. மடிப்பக்கா தலையைத் தூக்கவில்லை.

கேட்டவள் சின்னவள்தான். "கட்டச் சொன்னது யாருண்ணே?"

"மொதலாளி. ரூமுக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு. தடி அடிக்கடி நிறுத்துது, வேலை கெடுதுன்னார். உனக்கு அடிபட்ட அன்னைக்கே அவிழ்த்துத் தூக்கிப் போடச் சொன்னார்." இடுப்பு மடிப்பிலிருந்து துருவேறிய கம்பி ஒன்றை எடுத்தார். "அவிழ்த்தேன். தூக்கிப் போட மனசு வரல."

"இதை எழுத்துல போடுவீங்களா?" என்றாள் சின்னவள்.

"போடுறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

"போகாம பார்த்துக்கத்தான் நாங்க இருக்கோம்" என்றார் வண்டிக்காரர்.

ஏழு நிமிஷம். தொழிற்சாலை ஆய்வாளருக்கு என்று தொடங்கி மடிப்பக்கா எழுதினாள். ஒவ்வொருவரும் பார்த்தது ஒவ்வொரு வரி. கம்பி கட்டிய நாள், அவிழ்த்த நாள், சொன்ன வாய், செய்த கை. முதலாளியின் தாளில் இங்கே உள்ள யாரும் கையெழுத்திட மாட்டோம் என்று கடைசி வரி. நாத்தனார் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமலே பேனாவைப் பின்னால் நீட்டினாள். "இந்தா, பிடி." இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. அண்ணி வாங்கிக்கொண்டாள்.

சின்னவள் இடது கட்டைவிரலில் பேனா மையைத் தடவிக்கொண்டாள். "ஸ்கூல்ல என் கையெழுத்து அழகுன்னு என்னைத்தான் போர்டுல எழுதச் சொல்வாங்க. இப்ப கைநாட்டு வைக்கிறேன், பாருங்க." விரலைத் தாளில் ஊன்றியவள், தேவைக்கு மேல் அழுத்தி ஊன்றினாள்.

வண்டிக்காரர் கம்பியை வளைத்து வளைத்துப் பாதியாக ஒடித்தார். ஒரு பாதி மடிப்பக்காவின் நோட்டுக்குள். மறு பாதியைக் கடிதத்தில் வைத்து, விரிப்பை மடிப்பதுபோல மூலைக்கு மூலை சேர்த்து மடித்து உறைக்குள் செருகினாள். பசை தடவி ஒட்டி, உள்ளங்கையால் நீவினாள். கம்பி மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

"கனக்குது. ஸ்டாம்ப் கூடுதலா ஒட்டு. ரசீதும் வாங்கிடு" என்று வேலியின் இடுக்கு வழியாக நீட்டினாள்.

வாயாடி செருப்பை மாட்டினாள். "உள்ளே இருக்கிற நீங்க யாரும் இப்ப தபாலாபீஸ் போக முடியாது. நல்லவேளை, என்னைத் துரத்தினான்."

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அவள் தெருமுனையில் திரும்பும்வரை ஆறு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பாய்லர் அண்ணன் முன்னால் நடந்தார்; மற்றவர்கள் அவரைத் தனியாக விடாமல் சேர்ந்தே உள்ளே போனார்கள்.