வெளியே போயிருந்த பெட்டி

ஆம்புலன்சிலிருந்து ஆதிகேசவனை இறக்கி வாசல் பெஞ்சில் கிடத்தியதும், கோமளம் புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக ஷெட்டுக்குப் போனாள். பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

“தாரணி, பொட்டி எங்கடி?”

ஃபோன் மேஜையிலிருந்து எழுந்து வந்த தாரணிக்கு வாசலில் கிடப்பது யாரென்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒக்கலிபுரத்துலேர்ந்து ஃபோன் வந்துச்சு ஆன்ட்டி. சீனு அண்ணா வேன்ல எடுத்துனு போயிட்டாரு. அங்கிளுக்கு மயக்கம்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?”

அவள்மேல் தப்புச் சொல்ல வழியில்லை. பிணம் வைக்கும் குளிர்ப்பெட்டியை வாடகைக்கு விடுவதுதான் ஆதிகேசவனின் தொழில். ஆஸ்டின் டவுனில் யார் செத்தாலும் முதல் ஃபோன் டாக்டருக்கு, இரண்டாவது ஃபோன் அவருக்கு. இருந்தவை இரண்டு பெட்டிகள். அதில் ஒன்று மோட்டார் போய்ப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நல்லதாக இருந்த இன்னொன்றைத்தான் இந்தப் பெண் சற்றுமுன் அனுப்பியிருக்கிறாள்.

அவளை வேலைக்கு வைக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றதே கோமளம்தான். மனுஷன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார், ஃபோன் அடிக்கும். சோற்றில் கை வைப்பார், ஃபோன் அடிக்கும். காலில் சர்க்கரைப் புண் வந்து இரண்டு விரல் கறுத்துப்போன பிறகும் டாக்டரிடம் போக நேரமில்லை. “எனக்கு லீவு விட்டுட்டா சாவறாங்க?” என்பார். கடைசியில் பாதி நாள் ஃபோன் பார்க்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்று கோமளமே நாலு இடத்தில் சொல்லிவைத்தாள். வந்தவர்கள் என்ன தொழில் என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். தாரணி மட்டும், “செத்தவங்களா ஃபோன் பண்ணப் போறாங்க அங்கிள்?” என்று உட்கார்ந்துவிட்டாள். முதல் நாளே ஒரு சாவு வீட்டுக்காரரிடம் “தேங்க் யூ சார், மறுபடியும் கூப்பிடுங்க” என்று சொல்லிவைத்தாள். ஆதிகேசவன் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று அவளுக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பெட்டி ஷெட்டில் இருக்கும்போது யாருக்கும் இல்லையென்று சொல்லக்கூடாது. அதைத்தான் அவள் காப்பாற்றியிருந்தாள். டாக்டரிடம் போக நாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், காலையில் குளியலறையில் விழுந்து, நர்சிங் ஹோம் போய்ச் சேரும் முன்பே அடங்கிவிட்டார்.

இளவேனில் மஸ்கட்டிலிருந்து வரவேண்டும். ஒரே மகள். நர்சிங் ஹோம் பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து கோமளம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். “நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துடாதீங்கமா. மொகத்தப் பார்க்கணும்.” கல்யாணமாகி அவள் விமானம் ஏறிய அன்றைக்கும் அப்பா வழியனுப்ப வரவில்லை. யார் வீட்டிலோ பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது அவள் வந்து சேர நாளை மதியமாகிவிடும்.

ஆதிகேசவனின் தம்பி சுந்தரேசன் அதே தொழில் செய்யும் காக்ஸ் டவுன் தியோடருக்கு ஃபோன் போட்டான். அவருடைய பெட்டிகளும் வெளியே போயிருந்தன. இரண்டு ஆஸ்பத்திரி மார்ச்சுவரிகளிலும் இடமில்லை.

“நம்ம பொட்டி அண்ணி. போய்க் கேட்டா இல்லேன்னா சொல்லிடுவாங்க? சீனுவ கூட்டினு நானே போறேன்.”

“நீ இங்க இரு. நான் கேக்கறேன்,” என்றாள் கோமளம்.

பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த சீனுவின் வேனிலேயே ஏறிக்கொண்டாள். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் ஒருவரை வைத்துவிட்டால், அந்த வீட்டார் எடுக்கும்வரை நாம் தொடக்கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். ஒருமுறை கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து மிரட்டியபோதுகூட அவர் அசையவில்லை. அது சீனுவுக்கும் தெரியும், கோமளத்துக்கும் தெரியும். தெரிந்துதான் போனாள். சட்டம் வைத்தவர் பெஞ்சில் கிடக்கிறார், இனி யாருக்குப் பயப்படவேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

ஒக்கலிபுரத்து வீட்டில், சந்துக்குள் இருந்த ஒற்றை அறையைப் பெட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கிழவி. வேனைப் பார்த்ததும் மகன் எழுந்து ஓடிவந்தான்.

“நல்ல வேளை வந்தீங்கம்மா. கொஞ்சம் பாருங்க, பொட்டி கூலே ஆவல.”

கோமளம் வாயைத் திறந்தாள். பார்வை பெட்டியின் வயர்மேல் போனது. குனிந்து பார்த்தாள். பிளக் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்திச் செருகியதும் மோட்டார் உறுமி ஓடத் தொடங்கியது. பழக்கத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். கிழவிக்கு நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குமாம்மா? அண்ணன் மிலிட்டரியில இருக்கான். ஜம்முலேர்ந்து வரணும். அம்மா மொகத்த அவன் பாத்தே ஆவணும்.”

சீனு நிலைப்படியில் நின்று கோமளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தாங்கும்,” என்றாள்.

வேன் சந்தைத் தாண்டியதும் அழுதாள். “பாவி மனுஷா, ஊர்ல இருக்கற பொணத்துக்கெல்லாம் காவல் நின்னியே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சீனு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவள் ஓயும்வரை காத்திருந்தான்.

ஐஸ் ஃபாக்டரியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி, உமி கொட்டி, அதன்மேல் ஆதிகேசவனைக் கிடத்தினார்கள். ஏப்ரல் வெயில். வைக்க வைக்கவே பாளங்கள் கரைந்து ஓடின. சாயங்காலத்துக்குள் அந்தப் புண்கால் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. எத்தனை வீட்டில் பார்த்தவள். வயிறு உப்புவதை மற்றவர்களுக்கு முன்பே கோமளம் கண்டுகொண்டாள். ஊதுவத்திக்கு மேல் ஊதுவத்தியாக ஏற்றிவைத்தாள்.

சுந்தரேசன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, காத்தால வரைக்கும் தாங்காது. கொழந்த வந்து பாக்கறப்போ அது அண்ணன் மொகமா இருக்காது.”

வாசலில் பாடை கட்டத் தொடங்கினார்கள். அதைக் கோமளம் தடுக்கவில்லை.

ஃபோன் அடித்தது. பாதி நாள் வேலை மத்தியானமே முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த தாரணி எடுத்தாள். பேசியது யாரென்று தெரிந்ததும் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டாள்.

“ஆன்ட்டி, இளவேனில் அக்கா.”

கோமளம் வாங்கிக்கொண்டாள்.

“அம்மா, ஏர்போர்ட்லேர்ந்து பேசறேன். அப்பாவ பொட்டியிலதானே வெச்சிருக்கீங்க?”

வெளியே மூங்கிலில் கயிறு இறுகும் சத்தம் கேட்டது.

“ஆமாண்டி. பொட்டியிலதான்.”

“கரண்ட் போவலியே? கூலிங் நல்லா இருக்கா?”

“எல்லாம் நல்லா இருக்கு. நீ அழாம வண்டி ஏறு.”

“மொகம் எப்டிமா இருக்கு?”

“தூங்கறாப்ல இருக்குதுமா.”

லைன் துண்டான பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள். தாரணி தலைகுனிந்து நின்றிருந்தாள். ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோமளம் கூடத்துக்கு வந்தாள். ஐஸ் தண்ணீர் வாசற்படி வரை ஓடியிருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினாள்.

“சுந்தரேசா, எடுக்கச் சொல்லு.”