கோச்சடையில் சிவாஜிக்கு முடிசூட்டு

நாங்கள் போட்ட சிவாஜி நாடகம் பட்டப்பகலில் நடந்தது. ராத்திரி போட வழியில்லை. எங்கள் சாதியையே திருட்டுச் சாதி என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த கைரேகைச் சட்டம் இருந்த காலம் அது. பொழுது சாய்ந்தால் எங்கள் ஆம்பளைகள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இடது பெருவிரலை மையில் உருட்டி வைத்துவிட்டு அங்கேயே படுக்கணும். திருடினவன், திருடாதவன் என்ற பேச்செல்லாம் கிடையாது.

நாடகம் எழுதினது என் அக்கா மகன் சுருளி. செல்லூரில் தறி ஓட்டினான், சுயமரியாதைக் கூட்டங்களுக்குப் போய்வந்தான். என் மீசையைப் பார்த்து என்னையே சிவாஜி ஆக்கிவிட்டான்.

“நமக்கு எதுக்குடா மராட்டி ராசா?” என்றேன்.

“டில்லிக்காரனையே ஆட்டிவச்ச ஆளு மாமா. அவருக்கே, நீ உழுகிற சாதி, முடிசூட்ட மாட்டோம்னுட்டாங்க. கடைசியில காசியில இருந்து ஒரு ஐயர் வந்து, இடது கால் கட்டைவிரலால நெத்தியில பொட்டு வச்சாராம்.”

“நீ பாத்தியா?”

“எழுதியிருக்காங்க மாமா.”

“எழுதினவன் பாத்தானா?”

அவன் அடுத்த வசனத்தை எழுதப் போய்விட்டான்.

காசி ஐயராக நடிக்க வந்தவர் டவுன் வாத்தியார் சாம்பசிவம். நிஜமாகவே ஐயர், கதர் கட்டுகிறவர். “அதெல்லாம் கட்டுக்கதைப்பா. நான் கையாலேயே வச்சுடறேன்” என்று கெஞ்சினார். “காலால வச்சாத்தான் சனத்துக்கு ரோசம் வரும்” என்றான் சுருளி. இரண்டு பேரும் நாள் தவறாமல் மல்லுக்கட்டினார்கள். நெற்றி என்னுடையது. என்னை ஒருத்தனும் கேட்கவில்லை.

சேதி மேலத்தெரு மொக்கையன் காதுக்குப் போனது. அவன் மகனுக்குத்தான் என் மகள் ஒச்சாயியைப் பேசியிருந்தோம். பரிசம் போடுவது மட்டும் மிச்சம்.

“ஏய் விருமாண்டி, உன் நெத்தியில எவன் காலாச்சும் பட்டுச்சு, என் மகன் உன் வாசலை மிதிக்க மாட்டான்.”

“நாடகம்தானய்யா.”

“கால் நெசக்காலுதான?”

ஒச்சாயி வேறு இரண்டு நாளாக எனக்குச் சோறு வைக்கும்போது சட்டியை ‘ணங்’கென்று வைத்தாள். சுருளியிடம் போய் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

“வேற மீசைக்கு நான் எங்க போவேன்? சரி மாமா, கையாலதான். குலசாமி சத்தியம்.”

குலசாமியை நம்புவேன். இவனை நம்பவில்லை.

நாடகத்தன்று நல்ல வெயில். பூசின அரிதாரம் வழிந்து மீசைக்குள் இறங்கியது. முன்னால் நாற்காலியில் ஸ்டேஷன் ஏட்டு. அவருக்குப் பின்னால் மொக்கையன், தோளில் துண்டோடு. வாத்தியார் குங்குமத் தட்டோடு வந்தார். திரைக்குப் பின்னாலிருந்து சுருளி கத்தினான்:

“காலைத் தூக்குங்க சாமி! சனம் பாக்குது!”

மனுசன் மிரண்டு போய்க் குங்குமத்தில் கால் விரலைத் தோய்த்துத் தூக்கியே விட்டார். பாவம், என் இடுப்பளவுக்குக்கூட எட்டவில்லை. ஒற்றைக் காலில் தத்தளித்து என் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். மொக்கையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

நான் அந்தக் காலை எட்டிப் பிடித்தேன்.

“விழுந்துறப் போறீங்க சாமி. கீழ வைங்க.”

அவர் காலை இறக்கி வைத்துவிட்டு, என் இடது பெருவிரலைத் தட்டில் அழுத்தி என் நெற்றியில் நானே வைத்தேன். சும்மா வைக்கவில்லை. ஏட்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாக உருட்டினேன்.

ஆம்பளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு! ஏட்டும் சிரித்தார். அப்புறம்தான் அவருக்கும் விளங்கி, முகத்தை இறுக்கிக்கொண்டார். ரோசம் வரவில்லையே என்று சுருளிக்கு மட்டும் வருத்தம்.

பொழுது சாய, கிரீடத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஸ்டேஷனில் வரிசையில் நின்றேன்.

“மகாராசா, விரலைக் கழுவிட்டு வாய்யா. செவப்பா இருக்கு” என்றார் ஏட்டு.

“கழுவ வெளிய போனா, ஓடிப்போயிட்டான்னு எழுதிருவீங்களே” என்று அப்படியே மையில் உருட்டி வைத்தேன்.

எனக்குப் பின்னால் மொக்கையன். கழுத்துக்கிட்ட வந்து முனகினான்:

“தள்ளி நில்லுங்க சம்பந்தி. செவப்பு என் வேட்டியில ஒட்டிறப் போகுது.”