சிவப்பு மூடி, பச்சை மூடி

டிரைவரின் முழங்காலில் முதல் எறும்பு ஏறியபோது மணி பத்தே முக்கால். வேலையை விட்டு நாலு வருடமாகியும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வலிக்கிற முட்டிக்கு மனைவி எடுத்துக் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துவிட்டு பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். எறும்பைத் தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. குனிந்து பார்த்தால், நாற்காலிக் கால் வழியாக ஒரு ஊர்வலமே முட்டியைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. கற்பூரம் காய்ச்சின எண்ணெய்க்கு எறும்பு வருமா? அந்த வாடைக்கு மனிதனே பத்தடி தள்ளி நிற்பான். மூன்று நாளாக ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் அவருக்கு வாசனை எதுவும் தெரியவில்லை. முட்டியை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

தித்தித்தது. பின்னாலேயே இஞ்சியின் காரமும் வந்தது.

பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே இரண்டு மருந்து செய்வாள். ஓமவல்லி இலை, இஞ்சி, மிளகு, வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சினால் இருமல் மருந்து. எண்ணெயில் நொச்சி இலையைப் பொரித்து, வடிகட்டி, கற்பூரத்தைக் கரைத்தால் முட்டி எண்ணெய். இரண்டையும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டிலில்தான் ஊற்றுவாள். காகிதம் ஒட்டினால் எண்ணெய் பட்டு இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது என்று மூடியிலேயே அடையாளம் வைத்திருந்தாள். பச்சை மூடி என்றால் குடிக்க, சிவப்பு மூடி என்றால் தேய்க்க. "சிக்னல் மாதிரி! பச்சைன்னா உள்ள போகலாம், சிவப்புன்னா வாய்க்கிட்டயே வரக்கூடாது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு இதைச் சொல்லித் தரணுமா?" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

டிரைவரும் கூடச் சிரிப்பார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது இந்த உலகத்தில் அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பிறவியிலேயே அப்படி. கண் பரிசோதனைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துதான் வேலைக்குச் சேர்ந்தார். சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. ஒரு விபத்து கிடையாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் கட்டின மனைவியிடமும் மூச்சு விடவில்லை. வேலையை விட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் மறைத்ததை எந்த முகத்தோடு சொல்வது?

மூடி விஷயத்துக்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். மனைவி பார்க்காத நேரத்தில் சிவப்பு மூடிகளின் உள்பக்கம் சாவியால் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிடுவார். கீறல் இருந்தால் எண்ணெய். போன வாரம் அவள் அந்தக் கீறல்களைப் பார்த்துவிட்டாள். "பழைய மூடியை என் தலையில கட்டிட்டானே" என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்று, அத்தனையையும் வீசிவிட்டு வேறு கடையில் புதுசு வாங்கி வந்தாள். நேற்று மருந்து காய்ச்சும்போது ஆவி பட்டு அவள் மணிக்கட்டு வெந்துபோனது. "இடது தட்டுல இருக்கற பாட்டில் எண்ணெய், வலது தட்டுல இருக்கறது மருந்து. மூடியை மட்டும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பாத்திரத்தில் இரண்டு மாதிரி மூடிகளும் கலந்து கிடந்தன. கொஞ்சம் கருப்படித்த மாதிரி இருந்ததைச் சிவப்பென்று எடுத்துக்கொண்டு இவர் மூடிவிட்டார். கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

இன்று காலை எட்டு மணிக்கு மூன்றாம் மாடித் தையல்காரி குழந்தையைக் காப்பகத்தில் விடத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாகப் படியிறங்கினாள். மூன்று வயது. சுண்டைக்காய் அளவில் இருப்பதால் எல்லாருக்கும் அவள் சுண்டு. இரவெல்லாம் இருமியிருக்கிறாள். டிரைவர் மனைவி ஒரு பச்சை மூடி பாட்டிலை எடுத்து நீட்டினாள். "காப்பகத்து ஆயாகிட்ட கொடுத்துடும்மா. பதினோரு மணிக்கு ஒரு ஸ்பூன்."

கற்பூர எண்ணெய். ஒரு ஸ்பூன் உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிடும். இதையும் அவர் மனைவி எல்லாரிடமும் சொல்வாள், விரலை ஆட்டி ஆட்டி.

டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரி வேலை செய்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காப்பகத்து நம்பர் சுவரில், காலண்டருக்குக் கீழே, பெரிதாக எழுதியிருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு போன். மூன்று வார்த்தை. ஆனால் போனில் பேசினால் ஏன் எப்படி என்று கேள்வி வரும், மனைவி காதில் விழும், இத்தனை வருடம் மறைத்தது ஒரு நிமிடத்தில் நாறிப்போகும். நடந்தால் பதினைந்து நிமிடம். பதினோரு மணிக்குள் போய்ச் சத்தமில்லாமல் பாட்டிலை மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியவேண்டாம். மனுஷனுக்குப் புத்தி எந்த நேரத்தில் எங்கே போகிறது பாருங்கள்! மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அந்த நம்பரைத் தாண்டித்தான் வெளியே போனார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" உள்ளிருந்து குரல் வந்தது.

"கடைக்கு."

முட்டி ஒவ்வொரு படிக்கும் உயிரை எடுத்தது. தெருவில் ஓடவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. வாய் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று முனகிக்கொண்டே இருந்தது. சுண்டு தினமும் படியில் அவரைப் பார்த்தால் "பாம் பாம்" என்று ஹாரன் அடிப்பாள். இவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த வாய்.

பெரிய சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க முடியாமல் நின்றார். எதிரே விளக்கு மேலே எரிந்தது. மணி பத்து ஐம்பத்து நாலு. அது இறங்குவதாகத் தெரியவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாம் எதற்காக இப்படி நடக்கிறோம், குழந்தைக்காகவா, நமக்காகவா? கேள்வி அங்கே வைத்துத்தான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போன் போட்டார்.

"காப்பகத்துக்கு உடனே போன் பண்ணு. சுண்டுவுக்கு அந்த பாட்டிலைக் கொடுக்கவேணாம்னு சொல்லு. அது எண்ணெய்."

"என்ன உளர்றீங்க? பச்சை மூடிதானே பார்த்துக் கொடுத்தேன்."

"மூடியை நான் மாத்திப் போட்டுட்டேன். எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது. போன் பண்ணும்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

 மறுமுனையில் இணைப்பு துண்டானது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆயா வாசலிலேயே நின்றாள். தோளில் சுண்டு. குழந்தையின் சட்டை முன்பக்கமெல்லாம் எண்ணெய்.

"இப்பதான் அம்மா போன் பண்ணாங்க. பிள்ளை ரொம்ப இருமினாளேன்னு பத்து நிமிஷம் முன்னாடியே கொடுத்துட்டேன் ஐயா. பத்து ஐம்பது இருக்கும். பாதியைத் துப்பிட்டா. மீதி..." ஆயா குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள். "மீதி உள்ள போயிருக்கும்."

பத்து ஐம்பது. வீட்டிலிருந்தே போன் செய்திருந்தால் ஸ்பூன் பாட்டிலுக்குள்கூடப் போயிருக்காது. டிரைவர் அந்தக் கணக்கை அதற்குப் பிறகு எத்தனையோ முறை போட்டுப் பார்த்தார். விடை ஒருமுறையும் மாறவில்லை.

தெருக்கோடி ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு போனார். முட்டி வலித்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சுண்டு ஹாரன் அடிக்கவில்லை. கண்ணை உருட்டி அவரையே பார்த்தாள். கண் செருகுகிறதா, கை இழுக்கிறதா என்று அடிக்கு ஒருதரம் நின்று பார்த்தார். பின்னாலேயே ஈரத் தலையோடு மனைவி வந்து சேர்ந்தாள். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு கற்பூரம் என்று டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். 

"சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். வலிப்பு வந்தா உடனே பார்க்கணும்" என்றாள் டாக்டரம்மா.

வந்தா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே குழந்தை இருமினால் இருவரும் எழுந்தார்கள். இருமாவிட்டாலும் எழுந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் தையல்காரி ஓடி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. டிரைவர் மனைவி எழுந்து, "அம்மாடி, என் தப்புதான், பாட்டில் மாறிப்போச்சு" என்று ஆரம்பித்தாள்.

"இல்ல. நான்தான்" என்றார் டிரைவர். மூடியைச் சொன்னார். கண்ணைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. "பத்தே முக்காலுக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. சுவத்துல நம்பர் இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு போன் பண்ணாம நடந்து வந்தேன்."

தையல்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"நீங்க வெளிய போய் உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனாள்.

வெளியே சிமெண்டு பெஞ்சில் இருந்தார். வெகுநேரம் கழித்து மனைவி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"அந்த மூடியில எல்லாம் கீறல் இருந்துச்சே..."

"நான் போட்டது."

"அந்தக் கடைக்காரனைத் தெருவே கூடிப் பாக்கறமாதிரி திட்டினேன். நானே எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க பயம்?"



ஐந்து மணிக்கு டாக்டரம்மா, ஆபத்து தாண்டிவிட்டது, வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றாள். தையல்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள். "இனிமே எங்களுக்கு எதுவும் தராதீங்கம்மா" என்றாள், நடையை நிறுத்தாமலே. சுண்டு தோளுக்கு மேலே அவரை எட்டிப் பார்த்தாள். ஹாரன் வரவில்லை. ஆனாலும் அவர் எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

திரும்பும் வழியில் அதே பெரிய சாலைக்கு வந்தார்கள். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 

"இப்ப என்ன நிறம்?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் கேட்காத கேள்வி.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. வெந்த மணிக்கட்டோடு கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிவப்பு. நில்லுங்க."