நாற்காலியைப் பிடித்த கை

பழைய பேப்பர் கடையில் மூட்டை அவிழ்கிற சத்தம் கேட்டால் போதும், ஆல்பம் சாருக்குக் கை பரபரக்கும். தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கிராமத்துப் பழைய போட்டோ, போஸ்ட்கார்டு எது சிக்கினாலும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். "நான் இல்லேன்னா நம்ம கிராமங்களோட சரித்திரமே எடைக்குப் போயிருக்கும்" என்று மார்தட்டிக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை.

ஆனால் மனுஷனுக்கு ஒரு கிறுக்கு. அவரிடமிருந்த ஃபிரேம்கள் எல்லாம் ஒரே அளவு. படம் அதற்குள் அடங்காவிட்டால் இரும்பு ஸ்கேலை வைத்து ஓரத்தைச் சரக்கென்று வெட்டிவிடுவார்.

"ஓரத்துல யாரோ நிக்கிறாங்களேங்க" என்று மனைவி ஒருமுறை தடுத்துப் பார்த்தாள்.

"யாரோதானே!" என்றார். வெட்டி எடுத்த அட்டைத் துண்டு பசை தடவ உதவும். சிக்கனத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

நூலகக் கூடத்தில் அவருடைய கண்காட்சி. கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நட்டநடுவில் தொங்கியது, ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஆற்றுப் பாலம் திறந்த நாளில் எடுத்த படம். ஏழு நாற்காலிகளில் ஏழு பெரிய மனிதர்கள், மொடமொடவென்ற சட்டையும் முறைப்புமாக.

கூடம் பெருக்கும் அம்மாள் அதன் முன்னால் போய் நின்றவள் நின்றவள்தான்.

"என்னம்மா, ஆள் வர்ற நேரமாச்சு."

"சார்... இந்தக் கை."

கடைசி நாற்காலியின் முதுகை ஒரு கை பிடித்திருந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன.

"எங்கம்மா கை சார் இது. பாலத்துக்குக் கல்லு உடைக்கிறப்ப விரல் நசுங்கிப் போச்சு. என்னையும் போட்டோ பிடிச்சாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு ஏழு வயசுல போய்ச் சேந்துருச்சு. இந்தக் கையாலதான் எனக்குத் தலைவாரி விடும். கை ஞாபகம் இருக்கு சார், முகம்தான் மறந்துபோச்சு. வீட்டுல ஒரு படம் கிடையாது." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மீதி எங்க சார்?"

ஆல்பம் சார் படத்தின் வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். வெட்டிய பிறகுதான் அவர் ஸ்கேன் எடுப்பார். மீதிக்கு எங்கேயும் நகல் இல்லை.

"இருங்கம்மா, கொண்டு வரேன்" என்று வீட்டுக்குப் பறந்தார்.

மேசைக்கு அடியில் பசை டப்பா. அதில் ஒரு நீள அட்டைத் துண்டு குத்தி நின்றது. வெளியே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. தலைப்பக்கம் பசைக்குள் இறுகிக் கிடந்தது. மனைவி வெந்நீர் ஊற்ற, மெல்ல உருவினார். கல் தூசி படிந்த சேலை. மணிக்கட்டில் அறுந்த கை. தோள். தோளுக்கு மேலே ஒன்றுமே இல்லை. தேய்ந்து வெளுத்த அட்டைதான் இருந்தது.

"ஐயையோ, என்னங்க இது!" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்... என் கையாலயே தேய்ச்சிருக்கேன்." அலமாரியைப் பார்த்தார். வரிசை வரிசையாக ஃபிரேம்கள். ஒவ்வொரு ஓரத்திலும் யார் யார் நின்றார்களோ! பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம்!

கூடத்துக்குத் திரும்பித் துண்டை நீட்டினார். அவள் அதைப் படத்தின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கம்மா இவ்வளவு ஒசரமா!" என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "பாலத்தைக் கட்டினவங்கள வெட்டிட்டு, உக்காந்திருந்தவங்கள மட்டும் மாட்டினா அது ஊர் சரித்திரம் இல்ல சார். நாற்காலி சரித்திரம்."

கதவு திறந்தபோது அந்தப் படம் ஃபிரேம் இல்லாமல், துண்டோடு சேர்ந்து தொங்கியது. முதலில் வந்தவர் குனிந்து பார்த்தார்.

"ஓரத்துல நிக்கிறது யாருங்க? முகத்தையே காணோமே?"

"பாலம் கட்டின அம்மா. முகத்தை அழிச்சது நான்தான்" என்றார் ஆல்பம் சார். பக்கத்தில் அந்த அம்மாவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். "ஆளுக்குத் தகுந்தபடி ஃபிரேம் செய்யணுங்க, ஃபிரேமுக்காக ஆளை வெட்டக் கூடாது. ஓரத்துல நிக்கிறவங்கள யாரோன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்னேன், இப்படி ஆயிடுச்சு."