நாற்பத்தோரு டப்பிகள்

டணார்!

பெண்கள் வார்டில் இருந்த அத்தனை தலைகளும் ஏழாம் நம்பர் கட்டில் பக்கம் திரும்பின.

விழுந்தது ஒரு தகர டப்பி. மேட்ரன் அம்மாள் தலையணையை எடுத்து உதறியபோது உறைக்குள்ளிருந்து துள்ளி, சிமெண்டுத் தரையில் மோதி, மூடி ஒரு பக்கமும் டப்பி ஒரு பக்கமுமாக உருண்டது. புகையிலைத் துண்டும் பாக்குச் சீவலும் சுண்ணாம்பும் கட்டிலடியில் சிதறின.

"யாருது இது?"

மேட்ரன் அம்மாளுக்குக் காக்ஸ் டவுனில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல்.

கட்டிலில் இருந்த லட்சுமம்மா அன்று காலைதான் வந்து சேர்ந்தவள். மர்பி டவுன்காரி. மூன்று மாதமாகச் சோறு இறங்காமல் கஞ்சியும், அப்புறம் கஞ்சியும் இறங்காமல் தண்ணீருமாகப் பாதியாய் இளைத்திருந்தாள். அவள் மேட்ரனைப் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சின்னப்பாவைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னுது மேடம்."

வாசலில் பினாயில் வாளியோடு நின்றிருந்த ஆயா பாஞ்சாலிதான் சொன்னாள்.

"உன்னுதா? பேஷண்ட் தலைகாணிக்குள்ளே உன் டப்பி எப்படி வந்தது?"

"காலைல உறை மாத்துறப்போ மறதியா வெச்சிட்டேன் மேடம்."

வார்டு ஊழியர்கள் புகையிலை போட்டால் வேலை போகும். அது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். மேட்ரன் அம்மாள் அங்கேயே மெமோ எழுதினாள். பெரிய டாக்டர் முன்னால் விசாரணை. அடுத்த சனிக்கு அடுத்த சனிக்கிழமை. கீழே பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, பாஞ்சாலி சிதறிக் கிடந்த புகையிலையைப் பெருக்கி அள்ளினாள்.

அது 1959-ஆம் வருஷம்.

அதே சனிக்கிழமைக்காக இன்னொருவரும் காத்திருந்தார். டாக்டர் சுந்தரேசன்.

உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தால் வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சிக்கு வழி செய்து வீட்டுக்கு அனுப்புவதுதான் அதுவரை வழக்கம். சுந்தரேசன் பம்பாய் போய்க் கற்றுக்கொண்டு வந்து, மார்பைத் திறந்தார். கெட்டுப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து, மிச்சமிருந்த குழாயோடு தைத்தார். ஆறு மணி நேர வேலை. முதல் வருஷம் பிழைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மூன்றாவது வருஷம் பாதிக்கு மேல் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் வெட்டுவதோடு அவர் நிற்கவில்லை. இந்த வியாதி ஏன் வருகிறது? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு போட்டார். என்ன சாப்பிடுவார்கள், எவ்வளவு சூடாக, பீடி உண்டா, சாராயம் உண்டா, புகையிலை உண்டா. ஆண்கள் கார்டு தெளிவாகப் பேசியது. பெண்கள் கார்டுதான் மௌனம் சாதித்தது. ஐம்பத்தெட்டுப் பெண்களில் ஐம்பத்திரண்டு பேருக்குப் புகையிலைக்கு நேரே ஒரே பதில்: 'இல்லை.'

"ஆம்பிளைகள் விஷயம் உலகத்துக்கே தெரியும். பெண்களுக்கு ஏன் வருது? அதுக்குப் பதில் இல்லேன்னா இந்த ஆராய்ச்சி எதுக்கு? பத்துக் கட்டிலை ஏன் அடைச்சு வெச்சிருக்கணும்?" என்று கேட்டுவிட்டார் பெரிய டாக்டர். சனிக்கிழமை மதராஸ், வேலூர் டாக்டர்களெல்லாம் வரும் கூட்டம். அதில் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கட்டில்களைக் கொடுத்துவிட வேண்டும்.

கார்டு எழுதுகிற வேலை அனந்தலக்ஷ்மியுடையது. மல்லேஸ்வரத்துப் பெண். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் திவான் கச்சேரி உத்தியோகஸ்தர். பேத்தி விஞ்ஞானப் பட்டம் வாங்கிவிட்டு, மைக்ராஸ்கோப்பும் கார்டுமாக இருந்தாள். மறுநாள் காலை அவள் பாஞ்சாலியைச் சலவைத் துணி அறையில் போய்ப் பிடித்தாள்.

"பாஞ்சாலி, கொஞ்சம் சிரி பார்ப்போம்."

"எதுக்கும்மா? வேலை போறதுக்கா?"

"சும்மா சிரியேன்."

பாஞ்சாலி சிரித்தாள்.

"நெனச்சேன். முல்லை மொட்டாட்டம் பல்லு. பொகையிலை போடறவா பல்லை தினம் பத்துப் பேருக்குப் பார்த்துண்டிருக்கேன் நான். அந்த டப்பி உன்னோடது இல்லே."

"பல்லு வெளக்குறேன், அதனால வெள்ளையா இருக்கு."

"லட்சுமம்மாவோடதுதானே? நேத்து கார்டுல 'இல்லை'ன்னு சொன்னாளே!"

"மாப்பிள்ளை பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. வேற இன்னா சொல்லுவாங்க?"

சொன்ன பிறகுதான் பாஞ்சாலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அனந்தலக்ஷ்மி அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக அவள் எழுதிய கார்டுகள் வரிசையாகக் கண்முன் வந்தன. அந்தப் பெண்களின் பல் கறையை வெறும் வெற்றிலைக் கறை என்றே நினைத்திருந்தாள். ஒவ்வொரு கார்டு எழுதும்போதும் பக்கத்தில் ஒரு பிள்ளை, ஒரு மாப்பிள்ளை, ஒரு மாமனார். ஆஸ்பத்திரிக்குப் பெண்பிள்ளை தனியாக வந்தாள் என்பது ஒருநாளும் கிடையாது.

"அப்போ மத்தவாளும்...?"

"என்னைக் கேக்காதீங்கம்மா. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"பாஞ்சாலி, இந்தப் பதில் கெடைக்கலேன்னா சனிக்கிழமையோட எல்லாம் முடிஞ்சுது. கட்டிலை எடுத்துடுவா. அடுத்த லட்சுமம்மா வந்தா திரும்பிப் போக வேண்டியதுதான்."

பாஞ்சாலி ஒரு துப்பட்டியை நான்காக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் லட்சுமம்மாவுக்கு ஆபரேஷன். காலை எட்டு மணிக்குக் கதவு மூடியது. இரண்டேகால் மணிக்குத் திறந்தபோது சுந்தரேசனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நல்லா வந்திருக்கு. இனிமே தையல் பிடிக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

தையல் பிடித்ததா என்பது பத்தாம் நாள் தெரியும். அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் கூட்டம், மறுநாளே பாஞ்சாலிக்கு விசாரணை.

வெள்ளிக்கிழமை காலை லட்சுமம்மா சுண்ணாம்புக் கரைசல் போன்ற மருந்தைக் குடிக்க, எக்ஸ்ரே எடுத்தார்கள். சுந்தரேசன் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளைக் கோடு தொண்டையிலிருந்து நேராகக் கீழே போயிருந்தது. எங்கும் கசியவில்லை.

"தண்ணி குடுங்க" என்றார்.

முதல் ஸ்பூன் தண்ணீர் கொடுப்பது எப்போதும் பாஞ்சாலிதான். யாரும் வைத்த வழக்கமில்லை, தானாக வந்தது. லட்சுமம்மா வாயில் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கண்ணைத் திறந்தாள்.

"போயிடிச்சுடி."

"எங்க போச்சு?"

"உள்ளதான்! இன்னொரு ஸ்பூன் குடு, பேசிட்டு நிக்கிறா."

நாலு கட்டில் தள்ளி யாரோ கைதட்டினார்கள். பாஞ்சாலி அவள் காதருகே குனிந்தாள். டப்பி, கார்டு, நாளைக்குக் கூட்டம் எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். "நான் யாருக்கும் சொல்லமாட்டேன்னு அத்தனை பேர்கிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா. இன்னா பண்ணட்டும்?"

லட்சுமம்மா ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை கண்ணுல, மவன் கண்ணுல படக்கூடாதுன்னுதானே சத்தியம் வாங்குனோம்? அந்த டாக்டரு எங்கள்ல யாருக்கு மாப்பிள்ளை?"

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூப்பிடு அந்த கார்டுக்காரம்மாவை. நான் முதல்ல சொல்றேன்."

அனந்தலக்ஷ்மி ஓடி வந்தாள்; பின்னால் சுந்தரேசனும் வந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னப்பாவும் பிளாஸ்க்கோடு உள்ளே நுழைந்தான். பாஞ்சாலி பதறிக் கைகாட்டினாள். லட்சுமம்மா நிறுத்தவில்லை.

"போடுவேன். இருபத்தஞ்சு வருசமாப் போடுறேன். அன்னிக்கு உருண்டது என் டப்பி."

சின்னப்பா பிளாஸ்க்கைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியுமே அத்தே."

"தெரியுமா!"

"கல்யாணமான மறுநாளே தெரியும். நான் எது கேட்டாலும் ஒரு பக்கம் கன்னத்தை உப்பிக்கிட்டு 'ம்... ம்...'னு தலையாட்டுவீங்க. பேஜாராயிடுவீங்களேன்னு நான்தான் கேக்கல."

வார்டே சிரித்தது. சுந்தரேசன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"லட்சுமம்மா, ஒரு சந்தேகம். பொகையிலைச் சாறை எங்கே துப்புவீங்க?"

"துப்புறதா? ஒத்தை ரூம் வீடு டாக்டர். மாப்பிள்ளை ஒரு பக்கம், பசங்க ஒரு பக்கம். துப்புனா சத்தம் கேக்காதா? முழுங்கிடுவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். ஆம்பிளைங்க தெருவெல்லாம் துப்பிக் கலீஜ் பண்ணுவாங்க. நாங்க எங்க போய்த் துப்புறது?"

சுந்தரேசன் எழுந்து நின்றார். ஆண்களுக்குப் பெரும்பாலும் கன்னத்திலும் நாக்கிலும் வருகிற நோய், புகையிலையே போடாத பெண்களுக்கு உள்ளே குழாயில் வருவானேன் என்று மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். போடாதவர்கள் இல்லை. துப்பாதவர்கள்! வெட்கப்பட்டு விழுங்கிய சாறு தினம் தினம் இறங்கிய பாதையிலேயே புண் உண்டாகியிருக்கலாம்.

"ஒருத்தர் சொன்னா போதாது சார்" என்றாள் அனந்தலக்ஷ்மி, மெல்ல.

பாஞ்சாலி அதற்குள் வார்டில் இல்லை. சலவைத் துணி அறைக்குப் போய், அழுக்குத் துப்பட்டி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கோணிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டரின் மேஜைமேல் கவிழ்த்தாள்.

தகர டப்பிகள். உருண்டை, நீள்வட்டம், சப்பை. தைல டப்பி, பிஸ்கட் டப்பி. வார்டில் சேர்ந்த அன்றைக்கே மேட்ரனுக்குத் தெரியாமல் அவள் வாங்கி ஒளித்து வைத்தவை. பிழைத்துப் போனவர்கள் "இனிமே எனக்கு வேணாம், தூக்கிப் போட்டுடு" என்று விட்டுப்போனவையும் உண்டு. திரும்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனவையும் உண்டு. ஒவ்வொரு டப்பிக்குள்ளும் அந்தந்தக் கட்டிலில் தொங்கிய பேர்ச்சீட்டு, நாலாய் மடித்து.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"எனக்குத் தெரியாட்டி இன்னா? ஒருத்தர் டப்பி இன்னொருத்தருக்கு மாறிடக்கூடாதில்ல?"

அனந்தலக்ஷ்மி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் கார்டோடு வைத்தாள். 'இல்லை' என்ற கார்டின்மேல் ஒரு டப்பி. அடுத்த 'இல்லை'யின்மேல் ஒரு டப்பி. மேஜை போதாமல் தரையில் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது நாற்பது டப்பிகள் நாற்பது கார்டுகளின்மேல் உட்கார்ந்திருந்தன. மிச்சமாக ஒன்று: பித்தளை டப்பி, மூடியில் மயில் கொத்தியது. அதில் மட்டும் சீட்டு இல்லை.

"இது யாரோடது?"

"அது கெடக்கட்டும்மா" என்று பாஞ்சாலி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் சுந்தரேசன் படம் காட்டவில்லை. சாக்கைத் தூக்கி வந்து மேஜைமேல் கொட்டினார். பெரிய டாக்டர் திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுத்த முக்கால் மணி நேரம் யாரும் இருமக்கூட இல்லை. நாங்கள் சரியான கேள்வியைத் தவறான ஆட்களின் முன்னால் வைத்துக் கேட்டோம் என்று சுந்தரேசன் ஒப்புக்கொண்டார். ஒரு காரணம் பிடிபட்டிருக்கிறது, முடிந்த முடிவு அல்ல, இன்னும் ஐந்நூறு பேரைத் தனியறையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்றார். மதராஸிலிருந்து வந்திருந்த நரைத்த தலை டாக்டர் ஒருவர் முன்னால் வந்து டப்பி ஒன்றைத் திறந்து பார்த்து, மூடி, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். பிறகு கை தட்டினார். சபை முழுவதும் எழுந்து தட்டியது.

பத்துக் கட்டில் இருபதாயிற்று. பெண்களிடம் தனியாகப் பேசுவதற்கென்று ஒரு சின்ன அறையும் கிடைத்தது. அதற்குப் பாஞ்சாலி பொறுப்பு.

விசாரணை நடக்கவில்லை. மேட்ரன் அம்மாள் மெமோவை நாலாகக் கிழித்துவிட்டு, "பொய் சொன்னதுக்கு ஒரு மெமோ, ஆஸ்பத்திரியிலே சாக்கு நிறையப் பொகையிலை வெச்சிருந்ததுக்கு ஒரு மெமோ, ரெண்டு குடுக்கணும் உனக்கு" என்றாள். கொடுக்கவில்லை. மறுநாள் சர்ச்சில் இந்தக் கதையை அவள் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னதாகக் காக்ஸ் டவுனில் பேச்சு.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரை அச்சுக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடம். சுந்தரேசன் பாஞ்சாலியைக் கூப்பிட்டு அனுப்பினார். அனந்தலக்ஷ்மி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"பெரிய டாக்டர் பேருக்கு முன்னாடி உன் பேரைப் போடப் போறோம், பாஞ்சாலி. சீமையிலேகூடப் படிப்பாங்க. முழுப் பேர் சொல்லு."

பாஞ்சாலி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேஜை ஓரத்தில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த மயில் டப்பியை எடுத்து, தலைப்பாலேயே ஒரு தடவை பளபளவென்று தேய்த்தாள். மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"வள்ளியம்மான்னு போடுங்க டாக்டர். உங்க முதல் கார்டு எங்கம்மாதான். அவங்க வாயத் திறக்குறதுக்கு முந்தி, என் வூட்டுக்காரரு எதிர்ல மானம் போயிடுமேன்னு 'இல்லை'ன்னு சொன்னவ நான்."