கண்ணாடிக்குள் இருந்த இடது கை

பக்கவாதம் வந்தபின் அந்தப் பேருந்து ஓட்டுநரின் இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. அத்தனை வருடம் கியர் போட்ட கை, மேசையில் எடுத்து வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரே அதைச் செய்துகொள்ள வேண்டும். நெஞ்சுக்கு நேராக மேசை நடுவில் தடுப்புச் சுவர் போல ஒரு கண்ணாடி, அதன் முகம் வலது கையைப் பார்த்தபடி. இடது கை அதன் பின்னால் மறைந்திருக்கும். வலது கையை மடக்கி விரித்தால், கண்ணாடியில் தெரிவது இடது கை போலவே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே, மறைந்திருக்கும் கையையும் அசைக்க முயல வேண்டும். தங்கை காலையில் கண்ணாடியை நிறுத்திவைத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போய்விடுவாள்.

முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. வலது மணிக்கட்டில் ரேடியேட்டர் ஆவி பட்ட பழைய தழும்பு இருந்தது. கண்ணாடியில் அது இடது கையில் தெரிந்தது. இது யாரோ ஒருத்தன் கை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை தழும்பின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டினாள். அதன்பிறகு கண் கொஞ்சம் சமாதானமானது.

ஒருநாள் வலது கையில் ஈ உட்கார்ந்தது. ஊர்ந்தது இடது கையில். பதறிப்போய்க் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஈயும் இல்லை, எறும்பும் இல்லை. தங்கை வந்ததும் சொன்னார். அவள் கண்ணாடி முன் அவரை உட்காரவைத்து, ஈரத்துணியால் வலது கையைத் தடவிப் பார்த்தாள். இடது கை சில்லிட்டது என்றார். பயந்துபோய்ப் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்தாள். சிலருக்கு அப்படித் தோன்றும், விடாமல் செய்யட்டும் என்று பதில் வந்தது.

விடாமல் செய்தார். குழப்பமும் அவரை விடவில்லை. எந்தக் கைக்கு உத்தரவு போடுகிறோம், எது கீழ்ப்படிகிறது என்று சாப்பிடும்போதுகூடச் சந்தேகம் வந்தது.

ஒரு விடுமுறை நாளில், கண்ணாடிக்குப் பின்பக்கம் தெரிகிற நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, கட்டைவிரல் அசைஞ்சுது."

"எல்லா விரலும்தானே அசையுது?"

"அதுல இல்ல. இங்க, நிஜக் கையில."

அவள் கண்ணாடியை எடுத்தாள். அவர் இடது கையையே முறைத்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றார். வலது கட்டைவிரல்தான் எழுந்தது. ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறாள் என்று கோபித்துக்கொண்டு, சில நாள் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. பிறகு, வேறு வழி எதுவும் தோன்றாததால், தானாகவே உட்கார்ந்தார்.

மாதங்கள் போயின. இனி பேருந்து ஓட்ட முடியாது என்பது உறுதியாகி, பணிமனையில் விசாரணை ஜன்னலில் உட்கார இடம் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லப் பழைய கண்டக்டர் போன் செய்திருந்தார். வலது கையால் போனைக் காதில் வைத்து நின்றபடி பேசிக்கொண்டிருந்தவரின் இடது கை, திறந்து கிடந்த மேசை இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடியது. தங்கை பார்த்தாள். போன தடவை பட்டது போதும் என்று வாயைத் திறக்கவில்லை.

பேசி முடித்தவர் இழுப்பறையைப் பார்த்தார்.

"நீ மூடினியா?"

"நான் இங்கேயேதானே நிக்கறேன்."

வலது கையால் அதைத் திறந்துவிட்டு, இடது கையைப் போகச் சொன்னார். பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"அப்ப மூடினது யாரு?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நீதான்" என்றாள் தங்கை.

அவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று புரியாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இழுப்பறையின் முன் உட்கார்ந்தார்.